சாமிக்குக் கொட்டிய அரிசி

மரவள்ளி நட்டால் அரிசி தருவதாக ஜப்பான்காரர்கள் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். சுங்கை பினாங்கில் எங்கள் வரிசை வீடுகளில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவர்கள் நடத்திய வகுப்பில் சேர்ந்து ஜப்பானிய மொழியையும் எல்லோருக்கும் முன்னால் பிடித்துக்கொண்டேன்.

அதிகாரி வந்து பார்வையிடும்வரை ஒரு கிழங்கையும் பிடுங்கக் கூடாது. பார்த்தபின் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி. பிரசவமான அம்மாவுக்குப் பால் வற்றியிருந்தது. கைக்குழந்தையான தங்கைக்குக் கஞ்சித் தண்ணீராவது கிடைக்க அந்த மூட்டையைத்தான் நம்பியிருந்தோம்.

அப்பாவுக்கு அறிவிப்பை வாசித்துக் காட்டினேன்.

"சாமிக்கு எடுக்கிறதும் பிடுங்கறதும் ஒண்ணா, பாப்பா?"

"ஒண்ணுதான்பா. அவனுக்கு நம்ம சாமியெல்லாம் தெரியாது."

தலையாட்டினார். ஆனால் அதிகாரி வரும் நாளன்று விடியுமுன் போய், முதல் விளைச்சல் முனியாண்டிக்கு என்று, இருப்பதிலேயே பெரிய செடியைப் பிடுங்கிவிட்டார். ஆற்றோரத்துச் சாமிக் கல்லின்முன் கிழங்கை வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவியிருந்தார். படிக்காதவர் என்பதற்காக நான் அதை மன்னிக்கவில்லை. வாசித்துச் சொல்லப் படித்தவள் நான் வீட்டிலேயே இருந்தேனே.

அதிகாரியோடு வந்த, கணக்கெழுதும் தமிழ்க் கிராணிதான் செடி பிடுங்கிய பள்ளத்தைக் காட்டினார். "யாரு செஞ்ச வேலை? படிச்ச பொண்ணு வச்சிருக்கீங்கல்ல, அதைச் சொல்லச் சொல்லுலா."

திருடவில்லை, தெய்வத்துக்குப் படைத்தது என்று தெளிவாகவே சொன்னேன். அதிகாரி என் உச்சரிப்பைப் பாராட்டினார். பிறகு அப்பாவைக் கன்னத்தில் அறைந்தார். எங்களுக்கான மூட்டையைச் சிப்பாய் தூக்கிவந்து கல்லின்முன் கொட்டினான். முதல் பங்கு தெய்வத்துக்கென்றால் அரிசியும் தெய்வத்துக்கே; இந்த வீட்டார் ஒரு மணியைத் தொட்டாலும் கை இருக்காது. அதிகாரி சொன்ன இதைக் கூடியிருந்தவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவளும் நானே. சொன்னேன்.

அதிகாரியின் கார் போயிற்று. கிராணி மட்டும் நின்றார். அம்மாவுக்குப் பிரசவம் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா முதலில் போனாள். கும்பிட்டு, ஒரு பிடி எடுத்துக் கண்ணில் ஒற்றி, முந்தானையில் முடிந்தாள்.

"சாமி பிரசாதம். வேணான்னு போனா குத்தம்."

பிறகு எல்லோரும் போனார்கள். ஒருவர்கூடக் கும்பிடாமல் எடுக்கவில்லை.

"எங்களுக்கும் ஒரு பிடி போடுங்கக்கா. பிள்ளைக்கு."

"உங்க வீட்டாளுங்க தொடக்கூடாதுன்னு நீதானேம்மா சொன்னே. கிராணி வேற பாத்துக்கிட்டு இருக்காருலா."

கிராணி தன் கைக்குட்டையை விரித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வரிசை முழுக்கச் சோறு பொங்கும் வாசனை. மரவள்ளி வேகவைத்த தண்ணீரை அம்மா துணியில் நனைத்துத் தங்கையின் வாயில் பிழிந்தாள். அது துப்பியது. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா யாரிடமோ அலுத்துக்கொண்டாள்: "ஒரே மண்ணு. களையக் களைய வருது."

அந்த வாரம் முடியுமுன் அம்மா தொட்டில் சேலையை அவிழ்த்து மடித்து வைத்தாள்.

அப்பா மீதிக் கிழங்கையெல்லாம் பிடுங்கி வந்தார். அதில் பெரியதாக ஒன்றை மண் துடைத்துத் தனியே வைத்தார், சாமிக்கு. நான் அதை எடுத்துத் தோலுரித்து உலையில் போட்டேன்.