காலில்லாத டேபிள்

எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் என் கம்ப்யூட்டர் டேபிளை முதல்முறை பார்த்த யாரும் அதை டேபிள் என்று சொன்னதில்லை. பக்கத்து வீட்டு வங்காளி அக்கா, "ஏ க்யா, காட் ஹை க்யா?" என்று கேட்டார். கட்டிலா என்று அர்த்தம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இரும்பாகக் கனக்கிற படாக் மரத்தில், எல் வடிவத்தில், தரைவரை பலகை அடைத்து, ஒரு கால்கூட இல்லாமல் செய்த சாமான் அது. உட்காருகிற மனுஷிக்கு இரண்டு முட்டி இருக்கும் என்பதைச் செய்தவர் யோசித்தே பார்க்கவில்லை. நான் அதன் முன்னால் ஒருக்களித்து உட்கார்ந்துதான் இத்தனை வருஷமாக வேலை செய்கிறேன்.

ஆனாலும் அந்த டேபிள் என்றால் எனக்கு உயிர். காரணம், அது அப்பா கொடுத்தது. நான் கேட்கவே இல்லை. இந்தத் தீவில், ஜங்லிகாட்டில் இருக்கும் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவருவதற்குக் கொஞ்சம் முன்னால், அவராகவே ஆசாரியைக் கூட்டிவந்து, அவராகவே குனிந்து அளவெடுத்து, "பாப்பா கம்ப்யூட்டர் படிக்குது, நல்ல டேபிளா வேணும்" என்று சொல்லிச் செய்தார். அப்பா டைல்ஸ் கான்ட்ராக்டர். நான் கம்ப்யூட்டர் கேம் செய்வதைப் பற்றி இன்றுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னவர் இல்லை. "படம் வரைஞ்சு படத்தைத் தள்ளி விடுறதெல்லாம் ஒரு வேலையா?" என்பார். ஆனால் டேபிள் செய்து கொடுத்தாரே! அப்பாவுக்குள் எங்கேயோ ஒரு ரசிகர் ஒளிந்திருக்கிறார் என்று நான் மனதார நம்பினேன்.

அந்த டேபிளுக்குத்தான் போன மழைக்காலத்தில் ஆபத்து வந்தது. ஆபத்தின் பெயர் சோபா. அம்மாவுக்கு ஜன்னலோரத்தில் ஒரு சோபா செட் போட்டுப் பார்க்கவேண்டும் என்று பல நாள் ஆசை. ஜன்னலோரத்தில் நான் இருந்தேன். டேபிளைப் பின்னறைக்குத் தள்ளிவிடலாம் என்றார். பின்னறையில் நெட் வராது. எங்கள் வீட்டில் அந்த ஜன்னலோரத்து மூலையில் மட்டும்தான் சிக்னல் மனது வைக்கும். பின்னறைக்குப் போனால் நான் கேம் செய்வதை மறந்துவிட்டு, பகலில் செய்கிற கப்பல் டிக்கெட் புக்கிங் வேலையோடு வாழ்க்கையை முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

"ஒரு கேமாச்சும் முடிச்சிருக்கியாடி நீ?" என்று அம்மா கேட்டார். "ஆரம்பிப்ப. அப்புறம் பாதியில போட்டுட்டு இன்னொண்ணு ஆரம்பிப்ப. இந்த அழகுக்கு என் ஹால்ல பாதி வேணுமா உனக்கு?"

உண்மைதான். அப்பாதான் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "இருக்கட்டும் விடு. பிள்ளை எடத்தைக் கலைக்காத." டேபிளை நகர்த்துகிற பேச்சு வரும்போதெல்லாம் அவர் இப்படித்தான் ஓடிவருவார். எனக்குக் கண் கலங்கிவிடும்.

அந்த வேகத்தில் நான் வாயை விட்டேன். இந்த வாரக்கடைசியில் ஒரு கேம் ஜாம் இருக்கிறது, அதற்கு ஒரு கேமை முழுசாக முடித்து அனுப்புகிறேன், முடிக்கவில்லை என்றால் திங்கட்கிழமை டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"ஜாமா? எங்க, பஜார்லயா?" என்றார் அப்பா.

விளக்கினேன். நெட்டில் ஒரு தலைப்புக் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஞாயிறு சாயங்காலத்துக்குள் அந்தத் தலைப்பில் ஒரு சின்ன கேம் செய்து அனுப்பவேண்டும். உலகம் பூராவும் செய்வார்கள். பரிசு என்ன என்று கேட்டார் அம்மா. பரிசு கிடையாது என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெற்ற கடமைக்கு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

தலைப்பு வந்தது: 'போதாது.' வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்க நான் திரையில் கட்டம் கட்டமாகப் போட்டு அழித்தேன். கட்டங்களில் பொருள்களைத் தள்ளி வைக்கிற புதிர் வகை கேம்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கட்டத்துக்கு டைல் என்று பெயர். "என்ன பண்ணுற?" என்று அப்பா கேட்டார். "டைல் போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றேன். மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

"டைல் இல்ல பாப்பா, டைல்ஸ். ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் டைல்ஸ்தான்." நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கோடு கோணலா இருக்கு. நடுவுல ஜாயின்ட்டுக்கு எடம் விடல. வாசல்ல இருந்து ஆரம்பிக்கணும், நீ மூலையில இருந்து போட்டிருக்க."

அந்த நேரம் அவருக்குப் போன் வந்தது. புரோத்ராபூரில் வீடு கட்டும் ஒரு அம்மா. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த டைல்ஸ் பெட்டியில் பாதி உடைந்துபோயிருந்த விவகாரம். "அரே பாபிஜி, ஷிப் மே டூட் கயா, ஹம் க்யா கரேகா?" என்று அப்பா கப்பல்மேல் பழியைப் போட்டுச் சமாதானம் செய்தார். வைத்ததும் தன் மேஸ்திரிக்குப் போன் போட்டு, "டூட்டா வாலா சப் அல்மாரி கே நீச்சே டால் தோ" என்றார். உடைந்ததையெல்லாம் அலமாரி வருகிற இடத்துக்கு அடியில் போட்டுவிடு.

நான் துள்ளி எழுந்ததில் முட்டி பலகையில் இடித்தது. நல்ல டைல்ஸ் போதாது! ஒரு ஹால். கொஞ்சம் முழு டைல்ஸ், கொஞ்சம் உடைந்த டைல்ஸ். இரண்டையும் கட்டங்களில் பரப்பி, உடைந்ததன்மேல் கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் என்று சாமான்களை வைத்து மூடவேண்டும். கடைசியில் வீட்டுக்கார அம்மா வந்து நடந்து பார்ப்பாள். ஒரு கீறல் கண்ணில் பட்டாலும் கத்துவாள். ஆட்டம் முடிந்தது.

"அப்பா, எது எதுக்கு அடியிலெல்லாம் போடலாம்?" என்று கேட்டேன். அவ்வளவுதான், மனிதர் மடை திறந்துவிட்டார். ஃப்ரிட்ஜுக்கு அடியில் போடவே கூடாதாம், ரிப்பேர்காரன் வந்தால் இழுப்பான். கட்டிலுக்கு அடியில் போடலாம், ஆனால் பூஜைக்கு வீடு கழுவும்போது மாட்டும். சாமி ரூமில் போட்டால் பாவம். "ரொம்ப சேஃப் எதுன்னா, வயர் உள்ள சாமான். வயர் நெறைய இருந்தா எவனும் நகட்ட மாட்டான். எதைப் புடுங்குனா எது போகும்னு பயம்." எல்லாவற்றையும் அப்படியே விதிகளாகப் போட்டேன். என் வேலையைப் பற்றி நானும் அப்பாவும் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான் முதல்முறை. சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

வயர் உள்ள சாமானுக்கு என் கண்முன்னால் இருந்ததையே வரைந்தேன். எல் வடிவக் கம்ப்யூட்டர் டேபிள். எந்த லெவலிலும் வீட்டுக்கார அம்மா அதை மட்டும் தொடமாட்டாள்.

வீட்டுக்கார அம்மாவின் குரலுக்கு என் அம்மாவைப் பிடித்தேன். சனிக்கிழமை மத்தியானம் மீன் குழம்பைக் கொதிக்கவிட்டு வந்து போனுக்கு முன்னால் நின்றார். "ஏ க்யா ஹை? சப் டூட்டா ஹுவா ஹை!" இது என்ன, எல்லாம் உடைஞ்சிருக்கு என்று கத்தவேண்டும். அம்மா அதை வெங்காயம் விலை கேட்பதுபோலக் கேட்டார்.

"கோவம் வரலம்மா."

"கோவம் வந்தாத்தானடி வரும்? நான் என்ன நடிகையா?"

எத்தனை தடவை எடுத்தும் அதே வெங்காயம்தான். குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்ததும் இருந்ததில் ஒன்றைப் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு சாயங்காலம் நல்ல மழை. கேம் முடிந்துவிட்டது! என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்று முடிந்துவிட்டது. அப்லோடு போட்டேன். எறும்பு ஊர்வதுபோலப் பச்சைக் கோடு நகர்ந்தது. காத்திருக்கும் நேரத்தில் அம்மா தன் குரலைக் கேட்கவேண்டும் என்றார். போனில் கேமைப் போட்டுக் கொடுத்தேன். அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அம்மா நன்றாகவே ஆடினார். ஃப்ரிட்ஜில் ஒருமுறை மாட்டினார், கட்டிலில் ஒருமுறை மாட்டினார். பிறகு பிடி கிடைத்துவிட்டது. எந்த லெவல் வந்தாலும் உடைந்ததையெல்லாம் ஒரே மூலைக்குக் கொண்டுபோய், எல் டேபிளைத் தூக்கி மேலே வைத்தார். கச்சிதமாக மூடியது.

"இது நம்ம டேபிள்தானே?"

"ஆமாம்மா."

"இதை மட்டும் ஏன்டி அவ நகட்ட மாட்டேங்குறா?"

"வயர் இருக்குல்ல. அப்பா சொன்ன ரூலு."

அம்மாவின் விரல் நின்றது. போனைப் பார்த்தார். ஜன்னலோரத்து மூலையைப் பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார். அப்பா டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நம்ம ஹாலுக்கு டைல்ஸ் போட்ட அதே வாரந்தானே இந்த டேபிள் வந்துச்சு?"

"எந்த டேபிளு?" என்றார் அப்பா. ஹாலில் வேறு டேபிளே கிடையாது.

அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார். "வாடி, இதைத் தள்ளு."

"ஐயோ அம்மா, அப்லோடு!" என்று நான் அலறுவதற்குள் அப்பா குறுக்கே பாய்ந்து டேபிளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "அப்லோடு போகுதுல்ல! பிள்ளை ராப்பகலா உழைச்சிருக்கு. வயரு புடுங்கிக்கிட்டா யாரு பதில் சொல்றது? உலகமே பாத்துக்கிட்டு இருக்கு!" அப்லோடு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த நிமிஷத்தில் என் கேமுக்காக அவர் உயிரையே கொடுத்திருப்பார்.

அம்மா நாற்காலியை இழுத்து டேபிளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "சரி. முடியட்டும். நான் எங்கயும் போகல."

மூன்று பேரும் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மழை வலுக்க வலுக்கக் கோடு படுத்துவிட்டது. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. இது போகவில்லை என்றால் நாளைக்கு எனக்கு இந்த மூலை இல்லை. அப்பா மட்டும், "அவசரம் ஒண்ணும் இல்ல பாப்பா, மெதுவாவே போகட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரை முறைத்தேன். மழை கொஞ்சம் விட்டது. கோடு எழுந்து ஓடிப்போய்ச் சேர்ந்தது. கேம் வந்துவிட்டது என்று திரையில் எழுத்து வந்தபோது நான் கத்திய கத்தலில் வங்காளி அக்கா ஜன்னலைத் திறந்தார்.

"முடிஞ்சுதா? நல்லது. இப்ப தள்ளு" என்றார் அம்மா.

படாக் மரம் லேசில் அசையாது. மூன்று பேரும் தோள் கொடுத்தோம். அப்பா தள்ளுவதுபோல இழுத்தார் என்று இப்போதும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஒருவழியாக நகர்ந்தது.

அடியில் எங்கள் ஹாலின் தந்த நிற டைல்ஸ் இல்லை. ரோஸ் கலரில் பாத்ரூம் டைல்ஸ் அரைத் துண்டு, பச்சைப் பூப்போட்ட சமையல்கட்டுத் துண்டு, யார் வீட்டு மாடிப்படியிலிருந்தோ மிஞ்சிய கறுப்பு, நடுவில் சிமென்ட். அப்பாவின் அத்தனை வருஷத்துக் கான்ட்ராக்டும் அங்கே கிடந்தது. அதன் எல்லை அப்படியே எல் வடிவம்.

"ஏ க்யா ஹை!" என்று அம்மா வீடே அதிரக் கத்தினார். "சப் டூட்டா ஹுவா ஹை!"

அதே வசனம். அதே ஹிந்தி. கோபம் மட்டும் அசல். அடடா, இதை முன்னாலேயே கத்தியிருக்கக் கூடாதா!

"கப்பல்ல உடைஞ்சுருச்சு," என்றார் அப்பா தரையைப் பார்த்து. "நல்லதையெல்லாம் கஸ்டமருக்குக் குடுத்துட்டேன். அவங்களுக்குக் கிரகப்பிரவேசம் இருந்துச்சு."

"நமக்கும் கிரகப்பிரவேசந்தாங்க இருந்துச்சு!"

நான் சிரிக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. இத்தனை வருஷம் நான் ஒருக்களித்து உட்கார்ந்து அப்பாவின் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தது இந்தப் பாத்ரூம் டைல்ஸைத்தானா? "அப்ப இந்த டேபிள் எனக்காகச் செஞ்சது இல்லையாப்பா?" என்று கேட்டேவிட்டேன். குரல் உடைந்துவிட்டது.

அப்பா நிமிர்ந்தார். முகத்தில் நிஜமாகவே வருத்தம். "டேபிள் உனக்குத்தான் பாப்பா. ஆசாரிகிட்ட ஆர்டர் குடுத்ததுக்கு அப்புறந்தான் பெட்டியப் பிரிச்சேன். எடமும் அளவும்தான் நான் பாத்துக்கிட்டேன்." கொஞ்சம் யோசித்து, "காலு வைக்கிறதாத்தான் இருந்துச்சு" என்றார்.

அம்மா இடுப்பில் கைவைத்து, மாற்றிப் போட முடியுமா என்று அப்பாவைக் கேட்டார். ஹாலில் போட்ட அந்த ஷேடு இப்போது மெயின்லேண்டிலேயே வருவதில்லையாம். பிரித்துப் போடுவதென்றால் ஹால் முழுக்கப் பிரிக்கவேண்டும். சோபா போட்டால்? "சோபாவுக்குக் கால் இருக்குமே, அடியில தெரியும்" என்று அப்பா தொழில் முறையில் சொல்லி இன்னொரு முறைப்பு வாங்கிக்கொண்டார்.

"தள்ளுங்க திருப்பி," என்றார் அம்மா கடைசியில். "இது இங்கிருந்து அசையக் கூடாது. சோபாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். டைல்ஸ்காரர் வீட்டுத் தரையப் பாருன்னு ஊரு சிரிக்கும்."

அப்படியாக ஜன்னலோரம் எனக்கு நிரந்தரமானது. கேமை ஆடியவர்களில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், வீட்டுக்கார அம்மாவின் குரலில் கோபமே இல்லை என்று எழுதியிருந்தார். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா இருந்த பக்கம் பார்த்துக்கொண்டே, இப்போது வேண்டுமானால் மறுபடி குரலை எடுத்துக்கொள் என்றார் அம்மா.

இப்போதெல்லாம் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா முந்திக்கொண்டு, "பொண்ணு கேம் செய்றா, பெரிய வேலை, அந்தப் பக்கம் மட்டும் போயிடாதீங்க" என்கிறார். போன வாரம் டிக்கெட் வேலை முடிந்து களைத்துப்போய் வந்து சும்மா படுத்திருந்தேன். கரண்டியோடு வந்து நின்றார்.

"ஏன்டி படுத்திருக்க? எந்திரிச்சு ஏதாச்சும் கேம் செய்யி. எதுக்கு இவ்வளவு பெரிய டேபிள்னு நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

எழுந்துபோய் ஒருக்களித்து உட்கார்ந்தேன்.