எடுத்து வைத்த ஒரு பங்கு

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ரோட்டோரம் காரை நிறுத்தி நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்ன முடியாது. சிட்னியிலிருந்து உள்ளே ஓடும் அந்த நெடுஞ்சாலையில், கோவையிலிருந்து சேலம் போய்ச் சேருகிற நேரத்தில் இரண்டு ஊர்தான் வரும். ஆனாலும் முடியாது.

அதன் கடைசியிலிருந்த சிற்றூர் ஆஸ்பத்திரியில் என் மனைவி சுமதிக்கு நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. ஊரைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். அவள் கோபி ஊர்க்காரி, பேச ஆளில்லாவிட்டால் சோறு இறங்காது. "அங்க பேசறதுக்கு ஒரு சனம் இல்லீன்னா வண்டியத் திருப்பிருங்க" என்று எனக்கு உத்தரவு. எனக்கோ சிட்னி டிராஃபிக்கிலிருந்து தப்பித்தால் போதும். வண்டியைக் கிளப்பினேன்.

மர நிழலில் புளிச்சோற்று டப்பாவைத் திறந்தோம். ஒரு வண்டி வந்து நின்றது. தொப்பிக்காரர் தலையை நீட்டி, "யூ ஆல்ரைட்?" என்றார். போச்சுடா, அவர் நிலத்தில் உட்கார்ந்துவிட்டோம் என்று "சாரி, சாரி" சொல்லி எழுந்தேன். வண்டி ரிப்பேரா, உதவி வேண்டுமா என்றுதான் மனிதர் கேட்டிருக்கிறார். அது எனக்குப் புரிவதற்குள் சுமதி தட்டில் சோற்றை வைத்து நீட்டிவிட்டாள். சாப்பிடும்போது வந்தவரைச் சும்மா அனுப்புகிற ஊரா எங்களுடையது? காரத்தில் கண் கலங்கத் தின்று முடித்தார். அடுத்த வண்டியும் நின்றது. மூன்றாவதாக ஒரு அம்மா வந்தபோது டப்பா காலி.

"ஐயோ, வந்தவங்களுக்குக் குடுக்க ஒண்ணுமில்லீங்களே!" என்று சுமதி கையைப் பிசைந்தாள். எதற்குப் பதறுகிறாள் என்று தெரியாத அந்த அம்மா, தன் தண்ணீர் கேனைக் கொடுத்துவிட்டுப் போனார். சுமதி டப்பாவை மூடினாள்.

"ஏனுங்க, இங்க புளி எங்க கெடைக்கும்?"

அதுதான் அவள் பதில். நான் பட்டினியோடு, ஆனால் சந்தோஷமாக வண்டியை எடுத்தேன்.

இந்த முறை கோவைக்கு வந்தபோது, அவிநாசி தாண்டிக் கோபி ரோட்டில் சாப்பிட நிறுத்தினோம். சுமதி அங்கே வந்த பழக்கதோஷத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்துக் காத்திருந்தாள். பஸ் போனது, லாரி போனது. ஈ, காக்கா கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கடைசியில் ஒரு பைக் நின்றது. அவள் முகம் மலர்ந்து டப்பாவைத் திறந்தாள்.

"ஏனுங்க, எடம் பாக்கறீங்களா? ரோட்டு மேலயே சைட் இருக்குதுங்க."

"இல்லீங்க, நமக்கு இந்த ஊருதானுங்க. வாங்க, ஒரு வாய் சாப்புடுங்க."

எங்களை மேலும் கீழும் பார்த்தார். "வெளிநாட்டுல இருந்து வர்றவங்க எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க" என்று தன் புரோக்கர் கார்டை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பங்கு கோபி வரைக்கும் சுமதியின் மடியிலேயே வந்தது.