கால் திரும்பிய பக்கம்

ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகிற எங்கள் ஊர்ப் பெண்கள் இப்போது, "வேலையெல்லாம் ஆட்டோ பைலட்ல ஓடுதுக்கா" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். விமானத்தில் இருக்கிற கருவியாம். அதைப் போட்டுவிட்டால் ஓட்டுகிறவர் கையை எடுத்துவிடலாமாம், அது பாட்டுக்குப் பறக்குமாம். எனக்குச் சிரிப்பு வராது. வயிற்றெரிச்சல்தான் வரும்.

எழுபதுகளில் வல்லக்கோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். காஞ்சிபுரத்தில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்தது. மாமியார் கூடவே கூடாது என்றுவிட்டார். அவர் பெற்ற பிள்ளை, என் வீட்டுக்காரர், வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

என் அண்ணன்தான் வழி சொன்னார். சேர வேண்டிய கடைசி நாள் காலையில், எப்போதும்போல பால் கேனோடு கிளம்ப வேண்டியது. சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு, கேனை அங்கேயே போட்டுவிட்டு, நேரே ரோட்டுக்குப் போய் பஸ் ஏற வேண்டியது. ஸ்ரீபெரும்புதூரில் சர்ட்டிபிகேட்டுகளோடு அவர் நிற்பார். காலையில் அந்த ஒரு பஸ்தான்.

பாலை ஊற்றினேன். குழாயடியில் கேனை அலம்பினேன், மூடியைப் போட்டேன், இடுப்பில் வைத்தேன். ஹாஸ்டலில் பாய் கொடுப்பார்களா, நாம்தான் கொண்டுபோக வேண்டுமா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். மாடு கத்தியது. நிமிர்ந்து பார்த்தால் எங்கள் வீட்டு வாசல். பாழாய்ப்போன கால், தினமும் வருகிற வழியிலேயே திரும்பி வந்திருக்கிறது. தூரத்தில் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. இனி ஓடியும் பிரயோசனமில்லை.

"பால ஊத்திட்டியா? கொட்டாய்ல சாணி அப்டியே கீது பாரு," என்றார் மாமியார். வாரினேன்.

மத்தியானம் அண்ணன் வந்து கிணற்றடியில் நின்றார். முகம் வாடிப்போயிருந்தது.

"பயந்துட்டியாம்மா?"

"இல்லண்ணா. கெளம்பித்தான் போனேன். கால் தானா வூட்டுக்கு வந்துடுச்சு."

அவர் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? பயந்துவிட்டேன் என்றே சொல்லியிருக்கலாம், அதிலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். சர்ட்டிபிகேட்டுகளை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும்கூட நான் அங்கே நிற்கவில்லை. காகிதங்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கிணற்றில் வாளியை விட்டு, மாட்டுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். யாரும் இறைக்கச் சொல்லவில்லை.