காதில் ஊற்றிய ஜெப எண்ணெய்

சகோதர சகோதரிகளே, நான் காதுக்காகத்தான் ஜெபித்தேன். கர்த்தர் என் வாயில் ஆரம்பித்தார்.

1989-இல் நாங்கள் பாயான் பாருவில் இருந்தோம். மகள் ரூத்துக்கு ஐந்து வயது. பின்னாலிருந்து எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். காதுக்குள் நீர் கட்டியிருக்கிறது என்று ஜார்ஜ்டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு காதிலும் குட்டிக் குழாய் வைத்தார்கள். அரிசி மணியைவிடச் சின்னது.

"தண்ணி மட்டும் உள்ள போயிடக் கூடாதும்மா," என்றார் டாக்டர். குளிப்பாட்டும்போதெல்லாம் வாஸ்லின் தடவிய பஞ்சால் அடைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் போக விடவில்லை.

எண்ணெயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே! ஜெபக் குழுவில் ஓர் அக்கா, ஜெபித்த எண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்திருந்தார். நெற்றியில் பூசத்தான் கொடுத்தார். கோளாறு காதில் இருக்க நெற்றியில் பூசி என்ன பயன் என்று நான் காலையும் மாலையும் நேராகக் காதிலேயே ஊற்றினேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

சில நாளில் காது ஒழுக ஆரம்பித்தது. மஞ்சளாக, நாற்றத்தோடு. டாக்டர் சொட்டு மருந்து தந்தார். நான் முதலில் எண்ணெய், பிறகு மருந்து என்று விட்டேன். நிறுத்தினால் அவிசுவாசம் என்று பயம். ஒழுக்கு நிற்கவில்லை. பாலர் பள்ளியில் பிள்ளைகள் அவள் பக்கத்தில் உட்கார மறுத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னால் ஒன்றும் முடியவில்லை.

"காதுல வேற ஏதும் போட்டீங்களா?" என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் இல்லை என்றேன். எண்ணெயைச் சொன்னால் ஆண்டவரையே குற்றம் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

மூன்றாவது முறை போனபோது, இனியும் ஒழுக்கு நிற்காவிட்டால் குழாயை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். எடுத்தால் மறுபடியும் பழைய செவிடுதான். வெளியே பெஞ்சில் ரூத்தை மடியில் வைத்து உட்கார்ந்தேன். ஜெபம்கூட வரவில்லை. "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தெரியல" என்றேன். அவ்வளவுதான்.

காது துடைக்க நர்ஸ் மிஸ்ஸி உள்ளே கூப்பிட்டார். தமிழ்ப் பெண். துடைத்த பஞ்சை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"அக்கா, வழுவழுன்னு இருக்குலா. வீட்ல என்னா ஊத்துறீங்க?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எண்ணெய், மிஸ்ஸி. ஜெப எண்ணெய்."

அழுதுவிட்டேன். அந்த வார்த்தை என்னுடையது அல்ல என்று இன்றும் நம்புகிறேன். டாக்டர் திட்டவில்லை. மெஷினால் உறிஞ்சிக் காதைச் சுத்தம் செய்தார். "மருந்து போக வழி விடுங்கம்மா," என்றார்.

மருந்து மட்டும் விட்டேன். எண்ணெயை நெற்றியில் பூசி ஜெபித்தேன். ஒரு வாரத்தில் தலையணை உறை காய்ந்திருந்தது.

பிள்ளைக்காக அழுகிறவர்களே, கர்த்தரை நம்புங்கள். டாக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டும் நம்பலாம். கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்த வாரம் ஒரு காலை, பழக்கதோஷத்தில் அடுப்படியிலிருந்து தொண்டை கிழிய "ரூத்து!" என்று கத்தினேன்.

"ஏம்மா கத்துறீங்க?" என்றாள் பிள்ளை. "கேக்குதுலா."