நான் சொன்ன பொய்யும் ஒன்பது நோட்டுகளும்

ஓடையில் தண்ணீர் சத்தம் கேட்டாலே எனக்குப் பயம். ஜவ்வாது மலையில் எங்கள் வீடுகள் ஓடைக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். வெயில் காலத்தில் அங்கே ஓடையே இருக்காது, வெறும் பாறைதான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இடுப்பளவு ஓடும், சில நாள் மார்பளவு. ஒரு மழையில் என் கையில் கயிறு இருக்கும்போதே கன்றுக்குட்டியை அது இழுத்துக்கொண்டு போய்விட்டது. உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது.

அடுத்த வருஷம் முதல் மழை விழுந்ததுமே, "எம் பொண்ண இனிமே அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். எழுபதுகளின் கடைசி அது. மகள் நான்காவது படித்துக்கொண்டிருந்தாள். அதோடு விட்டேனா? வீடு வீடாகப் போய், கன்று போன கதையைச் சொல்லி, மற்றவர்களையும் கலங்க வைத்தேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஒன்பது பேரும் நின்றுவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் டீச்சர் வந்தார். புடவை இடுப்புவரை நனைந்து, தலையில் பையை வைத்துக் கட்டிக்கொண்டு, ஓடையைத் தாண்டி வந்து நின்றார். கண்ணமங்கலத்துப் பக்கம் பிறந்தவர். நீச்சல் தெரியாது என்று அவரே சொன்னார்.

"அண்ணே, பசங்கள நீங்க அனுப்ப வேணாம். நான் வர்றேன். எடம் மட்டும் காட்டுங்க."

என்னிடம் இருந்தது மாட்டுக் கொட்டாய்தான். ஒரு பக்கம் இரண்டு மாடு, இன்னொரு பக்கம் ஒன்பது பிள்ளைகள். காலையில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி அனுப்பிவிட்டு, மத்தியானம் கதவைப் பூட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வருவார். சாயங்காலம் அதே தண்ணீரில் திரும்புவார். ஒவ்வொரு நோட்டிலும் அன்றைய தேதியைத் தன் கையாலேயே சிவப்பு மசியில் போடுவார். கணக்குத் தப்பாக இருந்தால் அடிக்க மாட்டார். தப்பான இடத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார், அவ்வளவுதான். எங்கே பிசகியது என்று பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

நானும் நான்காவதோடு நின்றவன்தான். எங்கள் காலத்து வாத்தியார் மாதத்துக்கு ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிவிடுவார். காத்திருந்து பார்த்துவிட்டு நாங்கள் மாடு மேய்க்கப் போய்விட்டோம். அதனால் டீச்சர் நனைந்த புடவையோடு பலகையில் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு பயம். இவருக்கு ஓடையில் ஏதாவது ஆகிவிடுமோ என்பது ஒன்று. இவரும் ஒரு நாள் இறங்கிப் போய்விடுவாரோ என்பது இன்னொன்று.

"ரெண்டு நீளக் கழி போட்டாக்கூட போதும்ண்ணே, தாண்டிடலாம்" என்று ஒரு நாள் சொன்னார். மறுநாள் மத்தியானமே நான் கொடுவாளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்துக் காட்டுக்குள் போனேன். ரிசர்வ் காடு. கழி வெட்டினால் கேஸ். இரண்டு கழியை வெட்டித் தோளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மண் ரோட்டுக்கு வந்தால், எதிரே ஜீப் சத்தம். கழியைப் புதரில் தள்ளினேன், கொடுவாளை முதுகுப் பக்கம் சொருகினேன். ஜீப்பிலிருந்து பேண்ட் போட்ட ஒருத்தர் இறங்கினார். டிரைவருக்குக் காக்கிச் சட்டை.

"இந்த ஸ்கூல் டீச்சர் எங்கய்யா?"

கழி கேட்டது டீச்சர், அந்தச் சேதி யார் மூலமாகவோ பாரஸ்ட் ஆபீசுக்குப் போய்விட்டது என்றே நினைத்தேன். எங்கள் மலையில் பேண்ட் போட்டவர் யாரைக் கேட்டாலும் தெரியாது என்பதுதான் பதில். எங்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி.

"டீச்சருங்களா? அவங்க இந்தப் பக்கமே வர்றதில்லீங்க."

"எத்தன நாளா?"

"மழ ஆரம்பிச்சதுல இருந்தே பாக்கலீங்க. ஊருக்குப் பூட்டாங்க போலக்கீது."

அவர் பள்ளிக்கூடத்தின் பூட்டின கதவை ஒரு தடவை பார்த்தார். அக்கம்பக்கம் கேட்க ஆள் இல்லை, எல்லோரும் சாமை அறுப்புக்குப் போயிருந்தார்கள். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அந்த நேரம் டீச்சர் என் கொட்டாயில், என் மகளுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமை வேறு பேசினேன். "ஜீப்பு வந்துச்சு. ஒத்த ஆளா நின்னு பேசி அனுப்பிட்டேன். டீச்சர மாட்டி வுடாம காப்பாத்திட்டேன்."

"நீயா?" என்று சிரித்தாள். "பல்லிக்கே பயப்படுற ஆளு."

பத்து நாள் கழித்துத் தபால்காரர் மேலே வந்தார். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு டீச்சர் கடிதத்தைப் பிரித்தார். என் மனைவி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சர், மொகமே மாறிப் போச்சு?"

"மெமோ. ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்தாராம். பூட்டிக் கெடந்துச்சாம். மழ ஆரம்பிச்சதுல இருந்தே நான் வேலைக்கி வரலன்னு ஊர்க்காரர் ஒருத்தர் சொன்னாராம். பதினஞ்சு நாள்ல பதில் எழுதணும். அந்தப் பதில அவங்க ஒத்துக்கலன்னா என்ன வேற ஊருக்கு மாத்திடுவாங்க."

மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மாட்டைப் பார்த்தேன்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் தட்டை என் முன்னால் தள்ளி வைத்தாள்.

"துன்னுட்டு நாளைக்கி காலைல கெளம்பு. நீ சொன்ன பொய்ய நீயே போய் எடுத்துக்கினு வா."

"போனா ஏன் பொய் சொன்னன்னு கேப்பாங்க. கழி வெட்டுனத சொல்லணும். கேஸ் போட்டா?"

"போடட்டும். டீச்சர் பூட்டாங்கன்னா நம்ம பொண்ணும் உன்னமாரி நாலாவதோட நிக்கும். எது பெருசு?"

விடிந்ததும் ஒன்பது வீட்டுக்கும் போய் ஒன்பது நோட்டையும் வாங்கினேன். ஏன் என்று கேட்டவர்களிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். ஒரு அம்மா என்னைத் திட்டினாள். திட்டிக்கொண்டே அவள்தான் நோட்டுகள் நனையாமலிருக்க உரச் சாக்கு கொடுத்தாள். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஒடுகத்தூர் வரைக்கும் நடந்தே இறங்கினேன். திரும்பிவிடலாம் என்று மூன்று இடத்தில் நின்றேன். நின்ற ஒவ்வொரு இடத்திலும் சாக்கைத் தோள் மாற்றிக்கொண்டு மறுபடி நடந்தேன். பஸ் பிடித்து ஸ்கூல் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது.

வாசலில் உட்கார்ந்திருந்த கிளார்க், "என்ன சாக்கு? புளியா?" என்றார்.

"நோட்டுங்க."

இன்ஸ்பெக்டர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "நீதான அன்னிக்கு ரோட்டுல நின்ன ஆளு?"

"ஆமாங்க. அன்னிக்கு நான் சொன்னது பொய்ங்க."

ஒவ்வொரு நோட்டாக எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் ஜீப்பில் வந்த தேதியைத் தன் டைரியில் பார்த்தார். அந்தத் தேதிப் பக்கத்தை நோட்டில் தேடினார். ஒன்பதிலும் இருந்தது, டீச்சர் கையெழுத்தில். வகுத்தல் கணக்கு. என் மகள் நோட்டில் இரண்டு சிவப்புப் புள்ளி.

"சாணி வாசன அடிக்குதேய்யா."

"மாட்டுக் கொட்டாய்லதாங்க பள்ளிக்கூடம்." ஓடை, கன்று, என் பயம், டீச்சர் நனைந்து வருவது எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரி, பொய் ஏன் சொன்ன?"

"ரிசர்வ் காட்டுல ரெண்டு கழி வெட்டுனேங்க, ஓடையில போட. உங்கள பாரஸ்ட்காரங்கன்னு நெனச்சிட்டேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "எழுதிக் குடு."

"கைநாட்டா?" என்று கிளார்க் மைப் பெட்டியை நகர்த்தினார்.

"எழுதத் தெரியுங்க" என்றேன். நான்காவது வரை படித்த படிப்பு அத்தனையையும் திரட்டி அரை மணி நேரம் எழுதினேன். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "கழி சமாச்சாரத்த எடுத்துடுய்யா. உனக்குத்தான் வம்பு" என்றார்.

"அது இல்லன்னா நான் ஏன் பொய் சொன்னேன்னே புரியாதுங்களே. அப்பால டீச்சர் சொல்லிக் குடுத்து எழுதிட்டேன்னு நெனப்பாங்க. இருக்கட்டுங்க."

அவர் காகிதத்தை மடித்து பைலில் வைத்தார். "மெமோவ ரத்து பண்ண எழுதுறேன். ஆனா கொட்டாய்ல கிளாஸ் கூடாது. ஸ்கூல்னா ஸ்கூல்லதான் நடக்கணும். பசங்கள அந்தப் பக்கம் அனுப்புறது உங்க பொறுப்பு."

மறுநாள் சாயங்காலம் மேலே ஏறி நேராகப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனேன். டீச்சரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கும்பிடப் போனேன், அதற்குள் அவர் சாக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஒம்போது நோட்டையும் தூக்கினு போய்ட்டீங்க. ரெண்டு நாளா பசங்க எதுலண்ணே எழுதுவாங்க?"

"மன்னிச்சிடுங்க டீச்சரம்மா. அன்னிக்கு சொன்னது நான்தான்..."

"மெமோவ படிச்சப்பவே தெரியும். அன்னிக்கு இந்தப் பக்கம் இருந்தது நீங்க ஒருத்தருதான்." நோட்டுகளை எண்ணிப் பார்த்து அடுக்கினார். "நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

ஒரு வார்த்தை குறை சொல்லாமல், வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்ற நிலையிலும் அந்த இரண்டு நாளும் அதே தண்ணீரில் இறங்கி வந்து என் கொட்டாயில் பாடம் நடத்தியிருக்கிறார். மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதைக் கேட்ட உடனே கோடரியை எடுத்தேன். எங்கள் பட்டா நிலத்தில் ஒரு பலா நின்றது.

"வருசா வருசம் காய்க்கிற மரம்ய்யா" என்றாள்.

"ஓடையுந்தான் வருசா வருசம் வருது."

மரத்தைச் சாய்க்க நான் கட்டிய கயிற்றின் மறுமுனையை அவளே வந்து பிடித்தாள். மூன்று நாளில், அந்தப் பக்கத்து ஆட்களும் சேர்ந்து, மரத்தை ஓடைமேல் கிடத்தினோம். மேல்பக்கத்தைச் செதுக்கிச் சமமாக்கி, பிடித்துக்கொள்ள இடுப்பளவில் கயிறு கட்டினோம். முதலில் டீச்சர் நடந்து காட்டினார். பிறகு ஒன்பது பிள்ளைகளும் நடந்தார்கள். நான் கீழே இடுப்பளவு தண்ணீரில், மரத்தைத் தோளால் முட்டுக்கொடுத்து நின்றேன்.

"இன்னாண்ணே, மரத்துமேல நம்பிக்க இல்லியா?" என்றார் டீச்சர்.

"மரத்துமேல இருக்குதுங்க. எம்மேலதான் இல்ல."

"அதுக்காக தெனமும் நிப்பீங்களா?"

"மழ நிக்கிற வரைக்கும் நிப்பேங்க."

நின்றேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மகள் முதல் நாளே கயிற்றை விட்டுவிட்டு நடந்தாள், எனக்கு உயிர் போய் வந்தது. அடுத்த வருஷம் ஐந்தாவதை முடித்துக் கீழே விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அந்த இரண்டு மழையிலும் டீச்சர் ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. நானும் போடவில்லை.