இங்கிலீஷ் மட்டும் பேசுகிற வீடு

மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுப்பது எப்படி என்று என்னைக் கேட்டால், முதலில் நல்ல தொண்டை வேண்டும், அடுத்து நல்ல முழங்கால் வேண்டும் என்பேன். மொழியெல்லாம் அதற்கு அப்புறம்தான். திண்டுக்கல்லில் ஒரு ப்ளே ஸ்கூலில் பல வருடங்களாக இந்த வேலையைப் பார்க்கிறேன். காலையில் பிள்ளைகள் தமிழில் அழுதுகொண்டு வந்து இறங்கும். மத்தியானம் ஆங்கிலத்தில் "பை மிஸ்" சொல்ல வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். நடுவில் இருக்கிற நேரம்தான் என் பிழைப்பு.

ஆப்பிள் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒன்று மூக்கை நோண்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று என் சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைக்கும். ஒன்றுக்கு வந்தால் "மே ஐ கோ டு டாய்லெட்" என்று முழுசாகக் கேட்க வேண்டும் என்பது விதி. அதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் அடக்கிக்கொள்கிற பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. யாராவது தமிழில் வாயைத் திறந்தால் நான் விரலை உதட்டில் வைத்துக் காட்ட வேண்டும், வகுப்பே விரலை உதட்டில் வைக்கும். வீட்டுக்குப் போனால் எனக்கு எந்த மொழியிலும் பேச வராது. மின்விசிறிக்கு நேரே காலை நீட்டிப் படுத்துவிடுவேன்.

பள்ளியை நடத்துகிற மேடம், பிள்ளையைச் சேர்க்கும்போதே பெற்றோரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். வீட்டிலும் ஆங்கிலம் மட்டும்தான், இரண்டு மொழி கலந்தால் பிள்ளை குழம்பிப்போகும் என்று. நம்மூர்ப் பெற்றோர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். வாசலைத் தாண்டியதும் "ஏலே, செருப்பப் போடு, வெயிலு கொளுத்துது" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அப்படித்தான் பிள்ளைகள் பிழைத்துக்கொண்டிருந்தன. மேடம் சொன்னதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்ட ஒரு வீட்டைப் போன வருடம்தான் பார்த்தேன்.

அந்த வீட்டில் ஒரே பெண் பிள்ளை. அகரம் பக்கத்திலிருந்து வருவாள். அப்பா பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் ஏலம் கூறுகிறவர். அம்மா பிளஸ் டூ முடித்தவர், மகளாவது நுனிநாக்கில் இங்கிலீஷ் பேச வேண்டும் என்று தவம் கிடப்பவர். தினமும் அவர்தான் கொண்டுவந்து விடுவார், கூப்பிட்டும் போவார்.

மேடத்துக்கு அந்தப் பிள்ளை என்றால் உயிர். புதிதாக யாராவது விசாரிக்க வந்தால் அவளைத்தான் கூட்டிப்போய் நிறுத்துவார். அவள் நிறங்களையும் கிழமைகளையும் ஒப்பிப்பாள். செல்போனில் கேட்ட ரைம்ஸை வெள்ளைக்காரக் குழந்தை மாதிரியே சொல்லுவாள். ஆனால் அவள் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. ஆங்கிலத்திலும் தானாக ஒன்று கேட்டுப் பார்த்ததில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். எனக்கு அது உறுத்தாமல் இல்லை. மற்றதெல்லாம் கத்திக்கொண்டிருக்கும்போது கத்தாத பிள்ளையைப் பற்றி யோசிக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது?

ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அப்பா கூப்பிட வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். சட்டையில் மல்லிகை வாசம். மகளின் பையை வாங்கி மாட்டிக்கொண்டவர் கிளம்பாமல், அவளைச் சறுக்குமரத்துப் பக்கம் விளையாட அனுப்பிவிட்டு நின்றார்.

"மிஸ், ஒண்ணு கேக்கணும். பாப்பா இங்க பேசுதா?"

"ரைம்ஸெல்லாம் அருமையாச் சொல்லுது தம்பி."

"அது வீட்லயும் சொல்லுது மிஸ். பேசுதாங்கிறேன்."

நான் சறுக்குமரத்துப் பக்கம் பார்த்தேன். அவரே சொன்னார்.

"மேடம் சொன்னதுலருந்து எங்க வீட்ல தமிழே கிடையாது. சொந்தக்காரங்க வந்தாக்கூட, பாப்பா முன்னாடி பேசாதீகன்னு சம்சாரம் சொல்லிருது. அதுக்காச்சும் நாலு வார்த்தை தெரியும். எனக்குக் கம், கோ, சிட், ஈட், நோ. இம்புட்டுதான் மிஸ். காலையிலருந்து மார்க்கெட்ல தொண்ட கிழியக் கத்துறவன், வீட்டுக்குப் போனா ஊமையா உக்காந்திருக்கேன். எங்க தெருவுல ரிட்டயர்டு ஆபீசர் ஒருத்தர் நாய் வளக்குறாரு. நாய்கிட்ட இங்கிலீஷ்லதான் பேசுவாரு. கம், சிட், ஈட்ம்பாரு. நேத்து அதக் கேட்டுக்கிட்டு நின்னேன். அப்படியே நான் எம்புள்ளகிட்டப் பேசுற பேச்சு மிஸ்."

நம்மூரில் நாயோடு ஆங்கிலத்தில் பேசுவது ஒரு வழக்கம். 'வா' என்றால் அசையாத நாய் 'கம்' என்றால் ஓடிவரும் என்று நம்புகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட நாயிடம் மட்டும் இங்கிலீஷ்காரராகிவிடுவார்கள். இதைச் சொல்லிச் சொல்லி நான் சிரித்ததுண்டு. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"தமிழ்ல பேசுங்க தம்பி. இன்னைக்கே பேசுங்க. ஒண்ணும் ஆகாது."

"அப்பறம் இங்கிலீஷ் வராமப் போயிருச்சுன்னா? பேங்குலயோ ஆஸ்பத்திரியிலயோ எதுக்க இருக்கிறவரு சொல்றது புரியாம முழிச்சுக்கிட்டு நிக்கிறது என்னோட போகட்டும்னு பாக்குறேன்."

"வரும் தம்பி. அதுக்குத்தான் நான் இங்க கெடந்து கத்துறேன்."

அவர் கையசைத்து மகளைக் கூப்பிட்டார். பிறகு அங்கேயே, கேட்டுக்குப் பக்கத்திலேயே, மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, "கண்ணு, இட்லி சாப்டியா?" என்று கேட்டார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். ஓரடி முன்னால் வந்து, தன் உள்ளங்கையை அவர் வாயில் வைத்து அழுத்திப் பொத்தினாள். "நோ டாடி. நோ," என்றாள். அவளுக்குப் பயம். அப்பா தப்புச் செய்கிறார், மிஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவரைக் காப்பாற்ற வேண்டும். அந்தக் கைக்கு மேலே அவர் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. மறுநாள் மேடத்திடம் போய், இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம், அந்தப் பிள்ளை அப்பாவோடு பேச முடியாமல் தவிக்கிறது என்றேன். "நம்ம ஸ்கூல்லயே பெஸ்ட் சைல்டு அதுதான். அதைப் போயி குறை சொல்றீங்களே. உங்களுக்கு ரெஸ்ட் வேணும் மிஸ், ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க," என்றார். களைத்துப்போனவள் என்பது என்னவோ உண்மைதான். லீவு எடுக்கவில்லை. எடுத்தாலும் ஆளில்லை என்று அவரே போன் போட்டுக் கூப்பிடுவார்.

அன்றிலிருந்து மத்தியானத்தில் அப்பாதான் வந்தார். மார்க்கெட் வேலை அதற்குள் முடிந்துவிடும். வீட்டில் அம்மா மேடத்தின் கட்சி. அதனால் மகளோடு தமிழ் பேச அவருக்குக் கிடைத்தது பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரைக்குமான சாலை மட்டும். மொபெட்டில் அவள் முன்னால் நின்றுகொண்டு போவாள். பின்னால் கையை நீட்டினாலும் அவர் வாய் எட்டாது. அவருக்கு அது வசதியாகப் போயிற்று.

தினமும் கேட்டருகில் நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் இல்லை என்று தலையாட்டுவார். "எப்படிப் பேசுறதுன்னே மறந்துபோச்சு மிஸ். நாம்பாட்டுக்கு உளறிக்கிட்டே போறேன். அது கட்டை மாதிரி நிக்குது," என்றார் ஒருநாள். உடம்பெல்லாம் வலித்தாலும் அந்த நேரத்துக்கு மட்டும் நான் வாசலுக்குப் போகத் தவறவில்லை. அவள் பேசாமலே போய்விடுவாளோ என்ற பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. காலையில் வகுப்பில் அவளை உட்கார வைக்கும்போது, பிள்ளைக்கு வாயே இல்லாமல் போகப்போகிறது என்று தோன்றும்.

பிறகு ஒரு மத்தியானம் வண்டியை நிறுத்துவதற்கு முன்பே தெருவிலிருந்து கத்தினார். "மிஸ், எருமைய வாங்கிருச்சு மிஸ்!"

வெயில் ஏறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். விஷயம் இதுதான். முந்தின நாள் பேசுவதற்கு எதுவும் மிச்சமில்லாமல் போய், தனக்குத் தெரிந்த ஒரே தொழிலை எடுத்திருக்கிறார். தாடிக்கொம்பு ரோட்டில் எதிரில் வந்ததையெல்லாம் ஏலம் விட்டுக்கொண்டு போயிருக்கிறார். ஆடு வந்திருக்கு, கொம்போட நல்ல ஆடு, யாருக்கு, யாருக்கு? கரும்பு ஜூஸ் வண்டி யாருக்கு? தலையில் துண்டு போட்டுக்கொண்டு நின்ற போலீஸ்காரரையும் விடவில்லையாம், குரலை மட்டும் குறைத்துக்கொண்டாராம். அவள் தோள் குலுங்கியிருக்கிறது. சிரிக்கிறாள் என்று தெரிந்ததும் இவருக்குக் குஷி பிறந்துவிட்டது. அப்போது ஓர் எருமை குறுக்கே வந்து ரோட்டை மறித்துக்கொண்டு நின்றது. "எருமை யாருக்கு? கேக்குறவுக கேளுங்க, போகப் போகுது, போகப் போகுது..." என்று இழுத்திருக்கிறார்.

"எனக்கு," என்றாளாம்.

"வண்டிய ஓரமா நிப்பாட்டிட்டேன் மிஸ். செத்த நேரம் ஓட்ட முடியல," என்றார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உள்ளே ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு அவள் ரோட்டில் பேசினாள். ஆட்டைப் பற்றி, லாரியைப் பற்றி, டப்பாவில் இருந்த இட்லியைப் பற்றி. இத்தனை தமிழை எங்கே வைத்திருந்தாளோ தெரியவில்லை. வீடு வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். அம்மா ஒருநாள் ஜன்னல் வழியாக, தெருமுனையில் இருவரும் பேசிச் சிரித்துக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அழுதாராம். அன்று இரவு சோறு போடும்போது அவரே தமிழில் ஆரம்பித்துவிட்டார். வகுப்பில் மட்டும் பழையபடிதான். ஒப்பிப்பாள், பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

போன மாதம் அவர் கேட்டருகில் வந்து தயங்கினார். "நேத்து உங்களப் பத்திப் பேச்சு வந்துச்சு மிஸ். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கத்துறேன்னு சொல்லியிருக்கும். சும்மா சொல்லுங்க."

"அதில்ல மிஸ். மிஸ்ஸு உங்கிட்ட என்னல்லாம் பேசும்னு கேட்டேன். 'மிஸ்ஸுக்குப் பேசத் தெரியாதுப்பா, பாவம். கம், சிட், வெரி குட், அம்புட்டுதான் வரும்'னு சொல்லுது. நம்ம வண்டில ஒருநா ஏத்திக்கிட்டுப் போவோம், பேச வந்துரும்ங்குது."

அவர் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் என்னைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்திருக்கின்றன, என் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கின்றன. எந்தப் பிள்ளையும் என்னைப் பாவம் என்று நினைத்ததில்லை. வீட்டில் என்னிடம் அப்படிச் சொல்ல ஆளும் இல்லை.

அவள் ஏற்கெனவே போய், சற்றுத் தள்ளி நிறுத்தியிருந்த வண்டியில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். மேடத்தின் அறை ஜன்னல் திறந்துதான் இருந்தது. இருக்கட்டும் என்று பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"எனக்கு எடம் இருக்கா?"

என் வாயிலிருந்து தமிழ் வந்ததில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்து அளந்தாள். அப்பாவுக்குப் பின்னால் இருந்த சீட்டை எட்டிப் பார்த்தாள்.

"பின்னாடி உக்காந்துக்க மிஸ்," என்றாள். "ஆனா கத்தக் கூடாது."