நெட் ஸ்ட்ராங்கா இருக்குது சார்

ஓசூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் சிஸ்டம் சப்போர்ட் வேலை என்னுடையது. ஆன்லைன் பிசினஸ் கோர்ஸில் சேருகிறவர்களின் கம்ப்யூட்டர், கேமரா, மைக், இன்டர்நெட் எல்லாவற்றையும் முதல் வகுப்புக்குள் தயார்படுத்திக் கொடுக்க வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் கௌரம்மாவின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. இப்போது சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வேர்த்துக் கொட்டியது.

1. போனில் எல்லாம் ஓகே

கௌரம்மா பேரிகை தாண்டி, கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில் அட்டைப்பெட்டி செய்கிறார். ரோஜாப்பூ அனுப்புகிற பெட்டி. எல்லாச் சரக்கும் ஒரு புரோக்கர் கை வழியாகத்தான் போகும். எங்கள் கோர்ஸை முடித்தவர்களை நேரடி சப்ளையராகச் சேர்த்துக்கொள்வதாக ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி சொல்லியிருந்ததால், அந்த சீட்டுக்காக அவர் தவம் கிடந்தார். முதல் வகுப்பு தொடங்குவதற்குள் சிஸ்டம் செக் பாஸாகாவிட்டால் சீட் அடுத்தவருக்குப் போய்விடும்.

நான் போன் செய்தபோது அவர் மெஷினில் இருந்தார். கணவர் நஞ்சப்பா எடுத்தார். லேப்டாப் இருக்கிறதா, இருக்கிறது. கேமரா வேலை செய்கிறதா, செய்கிறது. தனி அறை, அதுவும் இருக்கிறது. இப்படி ஒரு மனுஷர் எல்லா ஊரிலும் இருந்தால் என் வேலை எவ்வளவு சுலபம் என்று நினைத்துக்கொண்டேன்.

"நெட் எப்படிங்க, ஸ்ட்ராங்கா இருக்கா?"

"சூப்பரா இருக்குது சார். போன மாசந்தான் புதுசா போட்டோம். எந்தக் காத்து மழைக்கும் அசையாது."

ஃபைபர் லைன் போட்டிருக்கிறார்கள் போல என்று டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

2. நஞ்சப்பாவின் நெட்

வகுப்பு அன்று காலை வரை, சிஸ்டம் செக் பார்க்கிற எங்கள் போர்ட்டலில் கௌரம்மா பெயருக்கு நேரே சிவப்புதான். மேனேஜர் என்னை நேரில் போகச் சொல்லி விரட்டினார். நஞ்சப்பா வாசலிலேயே வரவேற்று, காபி கொடுத்து, நெட்டைக் காட்டுகிறேன் என்று வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே ரோஜாத் தோட்டத்தின் மேல் பச்சைப் பசேலென்று நிழல்வலை விரிந்திருந்தது. கம்பத்தைப் பிடித்து ஆட்டியும் காட்டினார். அசையவில்லைதான். இந்தப் பக்கம் ரோஜாவும் குடைமிளகாயும் போடுகிறவர்களுக்கு நெட் என்றால் நெட் ஹவுஸ். அவர் ஒன்றும் பொய் சொல்லவில்லை.

விஷயம் தெரிந்ததும் கௌரம்மா தலையில் அடித்துக்கொண்டார். கணவரைத் தெலுங்கில் திட்ட ஆரம்பித்துக் கன்னடத்தில் முடித்தார். எனக்கு இரண்டும் அரைகுறை என்பதால் தப்பித்தேன்.

ஃபைபர் லைன் மெயின் ரோட்டோடு நின்றிருந்தது. வேறு வழியில்லாமல் கௌரம்மாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன். வேகம் பிரமாதம். கேமரா பாஸ், மைக் பாஸ். கடைசியாக லொகேஷன். கோர்ஸ் தமிழ்நாட்டில் தொழில் செய்கிறவர்களுக்கு மட்டும் என்பதால் போர்ட்டல் அதையும் பார்க்கும். அது கௌரம்மாவைக் கொண்டுபோய்க் கர்நாடகத்து மாலூரில் உட்காரவைத்தது. போன் பிடித்திருந்தது அந்தப் பக்கத்து டவரை. இந்தப் பக்கத்து டவருக்கு மாற்றினால், தகரக் கூரைக்குள் ஒரு கோடு காட்டிவிட்டு உயிரை விட்டது.

மேனேஜரைக் கூப்பிட்டேன். ரேஷன் கார்டு இருக்கிறது, கரண்ட் பில் இருக்கிறது, நானே அவர் வீட்டில்தான் நிற்கிறேன் என்று மன்றாடினேன்.

"நீங்க எங்க நிக்கிறீங்கன்றது இருக்கட்டும். போர்ட்டல் என்ன சொல்லுது?" என்றார்.

கௌரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஓசூருக்குப் போனா தெலுங்குக்காரின்றாங்க. மாலூருக்குப் போனா தமிழ்க்காரின்றாங்க. இப்ப கம்ப்யூட்டரும் ஆரம்பிச்சிடுச்சா சார்?"

எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. ஒரு வாரம் முன்னால் தெரிந்திருந்தால் எதையாவது செய்திருக்கலாம்.

3. குட்டியானையில் ஆபீஸ்

அழுகை கொஞ்ச நேரம்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வண்டியில ஏறுங்க சார்" என்றார். டெலிவரிக்குப் போக வேண்டிய குட்டியானை வண்டி லோடோடு நின்றிருந்தது. நஞ்சப்பா ஓட்டினார். நான் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு லொகேஷனை ரீஃப்ரெஷ் செய்துகொண்டே வந்தேன். மாலூர். மறுபடியும் மாலூர். ஏரிக்கரை தாண்டியும் மாலூர். மாந்தோப்பு மேட்டில் ஏறியதும் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று வந்தது. நிறுத்துங்க என்று நான் கத்திய கத்தலில் அவர் பிரேக் போட, என் மூக்கு ஸ்கிரீனில் இடித்தது.

அடுத்த தலைவலி கேமரா. இடம் மாறினால் அதையும் மறுபடி செக் செய்ய வேண்டும். பின்னணி வெறுமையாக இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே பின்னணியில் ஆடுகள் மேய்ந்தன. கௌரம்மா லோடின் மேல் ஏறினார். கட்டுக்கட்டாக இருந்த அட்டைகளைப் பிரித்து, மளமளவென்று மடித்துப் பெட்டியாக்கி அடுக்கினார். மூன்று பக்கம் சுவர், நடுவில் மேசை, உட்கார ஒரு கட்டு அட்டை. மைக்கில் எதிரொலிகூட இல்லை. எங்கள் ஆபீஸ் ஸ்டுடியோவில் அந்தச் சுத்தமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

போர்ட்டலில் எல்லாம் பச்சைக்கு மாறவும் வகுப்பு தொடங்கவும் சரியாக இருந்தது. ஆசிரியர் ஒவ்வொருவராக அறிமுகம் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவர் வீட்டில் குக்கர் விசில், இன்னொருவர் பின்னால் காயப்போட்ட லுங்கி. கௌரம்மாவிடம் வந்ததும் ஆசிரியர் ஆச்சரியப்பட்டு, ஆபீஸ் இவ்வளவு நீட்டாக இருக்கிறதே, யார் செய்து கொடுத்தது என்று கேட்டார்.

"சுவரு, மேசை எல்லாம் நம்ம சரக்குதாங்க சார்" என்றார் கௌரம்மா. "யாருக்காச்சும் வேணும்னா சொல்லுங்க. புரோக்கர் வேணாம், நேரா எங்கிட்டயே வாங்கிக்கலாம்."

வண்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நஞ்சப்பா பொத்தவில்லை. அவர் சிரிப்பு கிளாஸ் முழுக்கக் கேட்டிருக்கும்.

எல்லா வகுப்பையும் அந்த மேட்டிலிருந்தே முடித்தார். இப்போது அவர் நேரடி சப்ளையர்.

பிள்ளைகளே, நெட் என்று சொல்லாமல் இன்டர்நெட் என்று முழுசாகக் கேளுங்கள். அதைவிட முக்கியம், படிக்கப் போகிறவரிடமே கேளுங்கள். அவர் மெஷினில் இருக்கிறார் என்று யாராவது சொன்னால், மெஷின் நிற்கும்வரை லைனிலேயே இருங்கள்.